கண் மூடிய படங்கள்

கல்யாண ஹால் மேனேஜரிலிருந்து மைக் செட்காரர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் ‘இன்னொண்ணு’தான். எந்தப் படத்தை எடுத்தாலும் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்காமல், “அப்படியே இருங்க, இன்னொண்ணு” என்பாள். அது முடிந்ததும் இன்னொண்ணு. மேடையில் நிற்கிற சொந்தபந்தங்கள் பசியில் பல்லைக் கடிப்பார்கள். அவள் கண்டுகொள்ள மாட்டாள். வீட்டுக்காரர் பஸ் டிரைவர். காலையில் அவள் இரண்டாவது டீ கேட்டால்கூட, “என்ன, இன்னொண்ணா?” என்று வாரிவிடுவார். முறைத்துக்கொண்டே வாங்கிக் குடிப்பாள்.

பத்தொன்பது வயதில் ஒரு ஸ்டூடியோவுக்குப் பாஸ்போர்ட் படம் வெட்டப் போனவள். கத்தரிக்கோலில் ஆரம்பித்து, லைட் பிடித்து, முதலாளிக்கு முதுகு பிடித்துக்கொண்ட ஒரு நாள் கேமராவைப் பிடித்தாள். அப்புறம் அதை விடவே இல்லை. இப்போது நாற்பத்து மூன்று வயது. தையல் கடைக்கு மேலே ஒற்றை அறையில் சொந்த ஸ்டூடியோ. கீழே மெஷின் ஓடினால் மேலே மேஜை நடுங்கும். இரண்டு கேமரா, நாலு லென்ஸ், ஒரு கம்ப்யூட்டர், மடக்கு நாற்காலிகள், வலது முழங்காலுக்கு மாட்டிக்கொள்ள ஒரு உறை. சொந்தத்தில் நடந்த எந்தக் கல்யாணத்திலும் அவள் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. எந்தக் குடும்பப் படத்திலும் அவள் இல்லை. எடுக்கிறவள் எப்படி இருப்பாள்?

அவளிடம் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். “பட்டனை அமுக்குறதுக்கா இவ்வளவு?”

அட, பட்டனை அமுக்குவதற்குக் காசே கிடையாது ஐயா. அதைச் சும்மாவே அமுக்கித் தருவாள். கல்யாணத்தின் நடுவில் கேமரா மூச்சை விட்டுவிட்டால், மறுநாள் இன்னொரு தடவை கல்யாணம் பண்ணிக்கொள்ளுங்கள் என்று சொல்ல முடியுமா? அதனால் தோளுக்கு ஒன்றாக இரண்டு கேமரா. எடுக்கிற படம் ஒவ்வொன்றும் அங்கேயே இரண்டு கார்டில் பதிவாகும். திரும்பி வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், ஹார்டு டிஸ்கில் ஏறும். அதற்கு மேல் ஒரு பிரதி. ஸ்டூடியோவில் தீப்பிடித்தால் என்ன செய்வது? அதனால் அந்தப் பிரதி இரண்டு தெரு தள்ளி, அவளுடைய அக்கா வீட்டு பீரோவில், போர்வைகளுக்கு அடியில் இருக்கும்.

இதுகூடப் பரவாயில்லை. உயிரை வாங்குகிற வேலை அதற்கப்புறம்தான். ஒரு கல்யாணத்துக்கு நாலாயிரம் படம் எடுப்பாள். அதில் அறுநூறைப் பொறுக்க வேண்டும். இந்தப் படத்தில் மணப்பெண் அழகாக இருக்கிறாள், பின்னால் சித்தப்பா கொட்டாவி விடுகிறார். அடுத்ததில் சித்தப்பா ஒழுங்காக இருக்கிறார், சித்தி யாரையோ முறைக்கிறாள். பத்துப் பன்னிரண்டு நாள் நாற்காலியில் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்க்க வேண்டும். அந்த நாட்களில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கடித்துக் குதறிவிடுவாள். இதையெல்லாம் யார் பார்த்தார்கள்? அவள் பட்டனை அமுக்கியதைத்தான் ஊர் பார்த்தது.

மருந்துக்கடையில் வேலை பார்க்கிற ஒரு பெண் தன் கல்யாணத்துக்குப் படம் எடுக்கச் சொல்லி வந்தாள். கூடவே அவளுடைய பெரியப்பாவும் வந்தார். மொத்த வியாபாரம் செய்து ஓய்ந்தவர். ஒரு நாள் பேரம் பேசாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. விலை எழுதிய தாளைக் கண்ணாடியை ஏற்றி இறக்கி இரண்டு தடவை படித்தார்.

“ஏம்மா, நாங்க போட்டோ எடுக்க வந்தோமா, கார் வாங்க வந்தோமா?”

“எதுக்கு எவ்வளவுன்னு ஒவ்வொண்ணா எழுதியிருக்கேன் சார்.”

“எழுதியிருக்க, எழுதியிருக்க. இது என்ன, ‘படம் தேர்வு, பன்னிரண்டு நாள்’? நீ ரூம்ல உட்கார்ந்து படம் பார்க்கறதுக்கு நாங்க காசு குடுக்கணுமா? நல்லா இருக்கே நியாயம்!”

“பெரியப்பா, விடுங்களேன்” என்று மணப்பெண் அவர் கையைப் பிடித்தாள். அவர் விடுகிற ஆளா?

வேறு மாதமாக இருந்தால், “வேற இடம் பாருங்க சார்” என்று ஒரு கும்பிடு போட்டு அனுப்பியிருப்பாள். அந்த மாதம் இரண்டு கல்யாணம் தள்ளிப்போயிருந்தது. ஒரு கேமராவும் பழுது பார்க்கப் போயிருந்தது. சரி என்றாள். மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தாள். குறைத்ததற்கு ஏற்ற மாதிரி, அந்தப் ‘பன்னிரண்டு நாள்’ வரியையும் பேனாவால் அடித்தாள். படம் பொறுக்குவதற்கு இப்போது சாஃப்ட்வேர் வந்திருக்கிறது. நாலாயிரத்தையும் உள்ளே போட்டுவிட்டு டீ குடித்து வருவதற்குள் நல்லது கெட்டது பிரித்துக் கொடுத்துவிடும். இரண்டு வருஷமாக எல்லோரும் வைத்திருக்கிறார்கள். இவள்தான் வேண்டாம் வேண்டாம் என்றிருந்தாள். இந்த ஒரு தடவை போகட்டும் என்று நினைத்தாள். பெரியப்பா ஜெயித்த முகத்தோடு படி இறங்கினார்.

மணப்பெண்ணின் அப்பாவுக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. இமைகள் எப்போதும் மூடியே இருக்கும். டெலிபோன் ஆபரேட்டராக முப்பது வருஷம் வேலை பார்த்தவர். மனைவி போன பிறகு மகளைத் தனி ஆளாக வளர்த்தவர். கல்யாணத்தன்று அவரை மேடை ஓரத்தில் உட்கார வைத்திருந்தார்கள். அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்ய இவள் குனிந்தபோது, “நீங்கதான் போட்டோ எடுக்கற அம்மாவா?” என்று கேட்டார்.

“ஆமா சார்.”

“எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு குரல் குடுத்துடுங்க. நான் பாட்டுக்கு மூஞ்சியை உம்முன்னு வச்சுட்டிருப்பேன். அப்புறம் எம்பொண்ணு என்னை உண்டு இல்லேன்னு ஆக்கிடுவா.”

அன்று முழுவதும் இவள், “சார், எடுக்கறேன்” என்று சொல்லிச் சொல்லித்தான் எடுத்தாள். சொன்ன உடனே அந்த மனிதர் முகம் மலரச் சிரித்தார். எத்தனை தடவை கேட்டாலும் அலுத்துக்கொள்ளவில்லை. அவரை இவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

இன்னொன்றும் அவள் காதில் விழுந்தது. மாப்பிள்ளையின் அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை. அவர் ஒரு கறுப்புக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு மணப்பெண்ணிடம், “அப்பாவுக்கு இதைப் போட்டு விடேம்மா. படத்துல பார்க்க நல்லா இருக்கும்” என்றார்.

“எங்கப்பா இப்படித்தான் இருப்பார் அத்தை.”

கண்ணாடி கைப்பைக்குள் போயிற்று. இரண்டு பேர் முகமும் இறுகிவிட்டது. இதையெல்லாம் கல்யாணத்துக்குக் கல்யாணம் பார்க்கிறவள்தானே இவள், பார்க்காத மாதிரி லென்ஸைத் துடைத்தாள்.

ஒரு வாரம் கழித்து, சாஃப்ட்வேர் தன் வேலையைச் செய்தது. மங்கலானவை, இருட்டானவை, ஒரே மாதிரியானவை, கண் மூடியவை என்று நாலு குவியல் போட்டு ஒதுக்கிவிட்டு, நல்லவை என்று அறுநூற்றுச் சொச்சத்தைக் கொடுத்தது. வேகமாக ஓட்டிப் பார்த்தாள். மணப்பெண், மாப்பிள்ளை, கூட்டம், சிரிப்பு, எல்லாம் பளிச்சென்று இருந்தன. கலரைச் சரிசெய்து ஆல்பம் போடக் கொடுத்தாள். ஒதுக்கிய நாலு குவியலையும் அழித்து டிஸ்கில் இடம் பண்ணினாள். கார்டுகளைத் துடைத்து அடுத்த கல்யாணத்துக்குக் கொண்டுபோனாள். ஆல்பம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. நல்லபடியாக முடிந்தது என்று அவளும் மறந்துவிட்டாள்.

ஆறு வாரம் கழித்து, ஒரு நாள் காலையில் பெரியப்பா மூச்சிரைக்கப் படி ஏறி வந்தார். உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

“எங்க தம்பி எங்கம்மா?”

“யாரு சார்?”

“யாரா? பொண்ணைப் பெத்தவன்! அறுநூறு படத்துல ஒண்ணுலயாவது அவன் மூஞ்சி இருக்கா? ஒரு படத்துல கை இருக்கு. ஒண்ணுல முதுகு இருக்கு. ஹால் வாட்ச்மேன் மூணு படத்துல நிக்கறான்! மாப்பிள்ளையோட அம்மாகிட்ட எவ்வளவு வாங்கின, சொல்லு.”

அவர் கத்திய கத்தலில் கீழே தையல் மெஷின் நின்றுவிட்டது. விஷயம் இதுதான். மணப்பெண் ஆல்பத்தை ஆசையாகப் பிரித்திருக்கிறாள். முதலிலிருந்து கடைசிவரை அப்பா இல்லை. கறுப்புக் கண்ணாடி ஞாபகத்துக்கு வந்திருக்கிறது. “நீங்கதானே அப்பாவை நீக்கச் சொன்னீங்க?” என்று மாமியாரிடம் நேருக்கு நேர் கேட்டுவிட்டாள். அவர் இல்லை என்றிருக்கிறார். மணப்பெண் நம்பவில்லை. “எங்கம்மா அப்படிச் செய்யறவங்க இல்ல” என்று மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லப்போக, பெட்டியைக் கட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். ஐந்து நாளாகிறது. போனை அணைத்து வைத்திருக்கிறாள்.

“இனிமே அந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்னு உட்கார்ந்திருக்கா. தன்னாலதான் இப்படி ஆச்சுன்னு தம்பி சரியாச் சாப்பிடறதுகூட இல்ல.”

இவள் கம்ப்யூட்டரைத் திறந்தாள். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். எல்லோரும் கண்ணை அகலத் திறந்துகொண்டு சிரித்தார்கள். ஐம்பதாவது படம் வருவதற்குள் புரிந்துவிட்டது.

“யாரும் அவரை நீக்கச் சொல்லல சார். கண்ணு மூடியிருந்தா அது கெட்ட படம்னு இந்த சாஃப்ட்வேர் தள்ளி வச்சிடும். அவர் இருந்த அத்தனையையும் தள்ளியிருக்கு. நான் பார்க்காம விட்டுட்டேன்.”

“கதை விடாத. தள்ளி வச்சதைக் காட்டு, நம்பறேன்.”

“அழிச்சிட்டேன்.”

பெரியப்பா அவளையே பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். “நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ரெண்டு வீட்டையும் கூட்டி உட்கார வைக்கிறேன். படம் இருந்தா எடுத்துட்டு வா. இல்லேன்னா, அந்தப் பொண்ணு வாழ்க்கைக்கு நீ வந்து பதில் சொல்லு.”

மதியம் சாப்பிட வந்த வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் யோசித்தார். “கார்டு கெட்டுப்போச்சுன்னு சொல்லிடேன். மெஷின் சமாச்சாரம், யாரு துருவப் போறா?”

“அவர் நின்ன படம் மட்டும் தேடித் தேடி எப்படிங்க கெட்டுப்போகும்? மாமியார்தான்னு அந்தப் பொண்ணு முடிவே கட்டிடும்.”

“உன் தப்புன்னு ஒத்துக்கிட்டா ஊர் முழுக்கப் பரவிடும். அடுத்த சீசன்ல ஒருத்தன் நம்ம படி ஏற மாட்டான், பார்த்துக்க.”

“ஏறாம போகட்டும்.”

வாய்தான் சொன்னது. உள்ளுக்குள் பயம் பிடுங்கித் தின்றது. இருபத்து நாலு வருஷம் முழங்கால் தேயச் சம்பாதித்த பெயர். அதைவிட, அலுக்காமல் சிரித்த அந்த மனிதரின் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. என்னிடம் நின்று சிரித்த சிரிப்பை எல்லாம் குப்பையில் போட்டேனே பாவி என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் அக்கா வீட்டு டிஸ்க் நினைவுக்கு வந்தது. இந்தக் கல்யாணத்துக்கு அதைப் போட்டாளா? குறைந்த காசுக்கு ஒத்துக்கொண்ட வேலை, அங்கேயும் கை வைத்திருந்தால்? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. போன் செய்தாள்.

“அக்கா, பீரோவுல டிஸ்க்கெல்லாம் இருக்கா?”

“இருக்கும்.”

“இருக்கும்னா? போய்ப் பாருக்கா!”

“அடுப்புல வேலையா இருக்கேன்டி. அது எங்க ஓடிடப் போகுது?”

போனை வைத்துவிட்டு அவளே ஓடினாள். பீரோவைத் திறந்து போர்வைகளை இழுத்துப் போட்டாள். பதினோரு டிஸ்க் இருந்தது. ஒவ்வொன்றிலும் தேதி எழுதி ஒட்டிய தாள். ஒன்பதாவது டிஸ்கில் அந்தத் தேதி இருந்தது, அவளுடைய கையெழுத்தில். எப்போது கொண்டுவந்து வைத்தாள், அவளுக்கே தெரியவில்லை. புத்தி காசுக்குத் தக்கபடி வேலையைக் குறைத்திருக்கிறது. கை மட்டும் பழகின வேலையைப் பழகினபடி செய்திருக்கிறது. போர்வையில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

“ஏன்டி, நேத்துத்தான்டி துவைச்சேன் அதை!” என்றாள் அக்கா. சொல்லிவிட்டு, என்ன ஏது என்று கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

அன்று பொழுது சாயும்வரை மூவாயிரத்து எண்ணூறு படங்களையும் ஒன்று விடாமல் பார்த்தாள். இருநூற்றுப் பதினாலு படத்தில் அவர் இருந்தார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, யாரோ சொன்ன நகைச்சுவைக்குத் தலையை அண்ணாந்து, மாப்பிள்ளையின் தோளைத் தட்டிக்கொண்டு. ஒவ்வொன்றையும் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. இரண்டு குடும்பமும் சேர்ந்து நிற்கிற ஒரு படத்தைப் பெரிய தாளில் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் பத்து மணிக்கு மணப்பெண்ணின் அப்பா வீட்டுக் கதவைத் தட்டினாள். சின்ன வீடு. ஒரு சோபா, நாலு நாற்காலி, மூலையில் ரேடியோ. சோபாவில் அப்பா. எதிர் நாற்காலியில் தலைமையாசிரியை, பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்தபடி. மாப்பிள்ளை எங்கே நிற்பதென்று தெரியாமல் ஜன்னல் பக்கத்தில். மணப்பெண் சமையலறை வாசலில், யாரையும் பார்க்காமல். பெரியப்பா மட்டும் நடந்துகொண்டிருந்தார்.

இவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

“தப்பு என்னோடது. இந்த அம்மா என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. கண்ணு மூடினவங்க படத்தை எல்லாம் மெஷின் தள்ளிடுச்சு. தள்ளினதுல யாரு இருக்காங்கன்னு நான் பார்த்திருக்கணும், பார்க்கல. காசு குறைச்சாங்கன்னு சொல்ல மாட்டேன். ஒத்துக்கிட்டது நான்தான். சார், உங்களை நான் நாள் பூரா நிக்க வச்சு எடுத்தேன். எடுத்துட்டு ஒதுக்கிட்டேன். மன்னிச்சிடுங்க.”

முதலில் அப்பாதான் சிரித்தார். “முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் குடுத்தவன் நான். என் லைனையே கட் பண்ணிடுச்சா உங்க மெஷின்?”

லேப்டாப்பைத் திறந்து டீப்பாயில் வைத்தாள். படங்கள் ஓடின. சமையலறை வாசலில் நின்றவள் ஒவ்வொரு அடியாக நெருங்கி வந்து, தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அப்பா... அப்பா, இதுல நீ என்னமா சிரிக்கிற!” என்று அழுதாள். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “பன்னிரண்டு நாள்னு ஒரு வரி எழுதியிருந்தியே, இதுக்குத்தானாம்மா அது?” என்று மெதுவாகக் கேட்டார்.

“இதுக்குத்தான் சார்.”

அவர் தலையை ஆட்டினார். பிறகு தலைமையாசிரியை பக்கம் திரும்பி, “சம்பந்தியம்மா, நாங்கதான் அவசரப்பட்டு உங்க மேல பழி போட்டுட்டோம்” என்று ஆரம்பித்தார்.

“இருங்க” என்றார் தலைமையாசிரியை. பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலை நெரித்துக்கொண்டார். “நான் சொல்லல. அது சத்தியம். ஆனா ஆல்பம் வந்த அன்னிக்கே நான் பார்த்தேன். சம்பந்தி ஒரு படத்துலயும் இல்லைன்னு அப்பவே எனக்குத் தெரிஞ்சுது.”

மணப்பெண் நிமிர்ந்தாள். “தெரிஞ்சுமா கேட்கல?”

“கேட்கல. எங்க சொந்தக்காரங்களுக்கு ஆல்பத்தைக் காட்டறப்போ, எனக்கு நிம்மதியா இருந்துச்சு.”

மாப்பிள்ளை “அம்மா...” என்றான். இவளுக்கு அங்கே நிற்கவே கூசியது. வந்த வேலை முடிந்தது, கிளம்பிவிடலாமா என்று நினைத்தாள். கால் நகரவில்லை.

“இதை நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாமே” என்றார் அப்பா. குரலில் கோபம் இல்லை, வலி இருந்தது. “உங்க மூஞ்சியைப் பார்த்து நான் கண்டுபிடிச்சிருக்கவா போறேன்?”

தலைமையாசிரியை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

என்ன செய்வதென்று தெரியாமல், இவள் கொண்டுவந்த பெரிய படத்தை உறையிலிருந்து எடுத்து அப்பாவின் மடியில் வைத்தாள். “எல்லாரும் சேர்ந்து நிக்கற படம் சார்.”

அவர் அதன் ஓரங்களைப் பிடித்துப் பார்த்தார். நடுவில் தடவினார். வழவழப்பான தாள், விரலுக்கு என்ன தெரியும்? “நான் எங்க இருக்கேன்?”

இவள் குனிவதற்குள் தலைமையாசிரியை எழுந்துவிட்டார். மடியிலிருந்த பை தரையில் விழுந்தது. அதை எடுக்காமல் சோபாவில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவருடைய சுட்டுவிரலைப் பிடித்துத் தாளில் வைத்தார்.

“இங்க. நடுவுல நிக்கறீங்க. சிரிச்சிட்டிருக்கீங்க.”

“எம்பொண்ணு?”

“இதோ. உங்க தோள்ல சாஞ்சிருக்கா.”

“மாப்பிள்ளை?”

“இந்தப் பக்கம். சட்டைப் பட்டனை மாத்திப் போட்டிருக்கான், நான் இப்பத்தான் பார்க்கறேன்.”

“நீங்க எங்க?”

தலைமையாசிரியை அவருடைய விரலைத் தாளின் மேல் நகர்த்திக்கொண்டே போனார். மாப்பிள்ளையைத் தாண்டி, ஒன்றுமில்லாத வெற்றிடத்தைத் தாண்டி, ஓரத்துக்குப் போனதும் நிறுத்தினார். “இங்க.”

அப்பா அந்த விரலை அங்கேயே வைத்துக்கொண்டு, இன்னொரு கையின் விரல்களை அந்த இடைவெளியில் ஒன்றொன்றாகப் பதித்து அளந்தார். நாலு விரல் இருந்தது.

“இவ்வளவு தள்ளியா?”

“ஆமா சம்பந்தி” என்றார் தலைமையாசிரியை, அழுதுகொண்டே. “நான்தான் தள்ளி நின்னுட்டேன்.”

அவர் கையை எடுக்கவில்லை. அந்த அம்மாளும் பிடித்த விரலை விடவில்லை. தரையில் உட்கார்ந்திருந்த மணப்பெண் கீழே விழுந்த பையை எடுத்து, தூசியைத் தட்டி, மாமியாரின் காலடியில் வைத்தாள்.

“இன்னிக்கு வரல அத்தை. எனக்கு இன்னும் கோபம் போகல. ஞாயித்துக்கிழமை வர்றேன். அப்பாவும் என்கூட வருவார்.”

“சரிம்மா” என்றார் தலைமையாசிரியை. “நானே வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன்.”